ஒரே போன், 24 பிள்ளைகள், இரண்டாம் வகுப்பு பாட்காஸ்ட்

வாசகர் கேள்வி: அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் கதை சொல்வதைப் பதிவுசெய்து, பாட்காஸ்ட் போலப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட ஆசை. இருப்பது என் போன் ஒன்றுதான். பதிவில் பாதி ஃபேன் இரைச்சல். வகுப்பில் ஓயாமல் பேசுகிறவர்கள்கூட போனைப் பார்த்ததும் ஒப்பிக்கிறார்கள், அல்லது வாயே திறப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெற்றோர் குழுவை முதல் மாதம் மறந்துவிடுங்கள் டீச்சர். ஏழு வயதுப் பிள்ளை தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை சொல்றேன்" என்று வந்து நிற்கிறதே, பலன் அங்கேதான் இருக்கிறது. வெளியே போட்டுக்காட்டும் அவசரம் வந்துவிட்டால் நன்றாகப் பேசுகிற நாலு பேரையே திரும்பத் திரும்பப் பேசவைப்போம். மற்ற இருபது பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் தூரம். சின்னப் பிள்ளையின் குரலில் பலம் குறைவு. இரண்டடி தள்ளிப் போனை வைத்தால் ஃபேனும் குரலும் ஒரே அளவில் பதியும். பல போன்கள் பேச்சு நின்றதும் ஒலி அளவைத் தாமாகவே ஏற்றிக்கொள்வதால், பிள்ளை யோசிக்க நிறுத்தும் இடத்திலெல்லாம் ஃபேன் இன்னும் பெரிதாகக் கேட்கும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம் போதும். நேர் எதிரே வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் 'பாட்டி', 'பழம்' என்னும்போது மூச்சு மோதி 'டப்' என்று அடிக்கும். பெரும்பாலான போன்களில் மைக் துளை கீழ் விளிம்பில் இருக்கும். கையில் கொடுத்தால் பிள்ளைகள் சரியாக அதையே பொத்திப் பிடிப்பார்கள். ஆகவே கையில் தராமல், புத்தகங்களை வாய் உயரத்துக்கு அடுக்கி, மடித்த துண்டின் மேல் போனை வையுங்கள். துண்டு இல்லையென்றால் பெஞ்சைக் கால் உதைக்கும் சத்தமும் பதிவாகும். ஃப்ளைட் மோடு போட்டுவிடுங்கள். ஃபேனை மொத்தப் பாடவேளைக்கும் நிறுத்த நம் ஊர் வெயில் விடாது. ஐந்தைந்து நிமிடமாக நிறுத்தலாம். வெறும் சிமெண்ட் சுவர் எதிரொலித்தால் பிள்ளைக்கு எதிரே, போனுக்குப் பின்னால், கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் நேரத்தைத் தவிருங்கள்.

ஒப்பிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கையில் இருக்கும் தாள். எழுதிக் கொடுத்தால் வாசிப்பார்கள், மனப்பாடமாகத் தந்தால் ஒப்பிப்பார்கள். அதற்குப் பதில் மூன்று படம் வரைந்த அட்டை கொடுங்கள்: யார், என்ன நடந்தது, கடைசியில் என்ன ஆச்சு. "எங்க ஆயா வூட்டுல" என்று தொடங்கினால் அப்படியே விடுங்கள். அதை 'எங்கள் பாட்டி வீட்டில்' என்று அங்கேயே திருத்தினால் அடுத்த வாக்கியம் வராது. வாசிப்புப் பயிற்சிக்கான பதிவு வேறு. அதில் ல, ள, ழ பார்க்கலாம், இதில் வேண்டாம்.

பேச மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். முதலில் அவனைச் சத்தம் சேகரிக்க அனுப்புங்கள்: அடிபம்பு, காக்கை, சமையல்கூடத்தில் கரண்டி. பிறகு கேள்வி கேட்பவனாக்குங்கள். சத்துணவு சமைக்கும் அக்காவிடம் "சாம்பார் பிடிக்குமா?" என்றால் "பிடிக்கும்" என்பதோடு முடிந்துவிடும். "இன்னைக்கு எத்தனை கிலோ அரிசி போட்டீங்க? எப்படிக் கழுவுனீங்க?" என்று கேட்டால் பேச்சு நீளும், கணக்குக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

24 பேரையும் ஒரே நாளில் பதிவுசெய்யப் பார்க்காதீர்கள். நாளுக்கு ஆறு பேர், ஆளுக்கு 30 விநாடி. அந்த ஆறு பேரில் ஒருவர் பேசும்போது ஒருவர் அட்டை காட்டுவார், ஒருவர் வாசலில் 'அமைதி' பலகை பிடிப்பார், ஒருவர் கைதட்டுவார். தொடங்கும் முன் ஒரு தட்டு. தவறினால் பதிவை நிறுத்தாமல் இரண்டு தட்டு தட்டி, அதே வாக்கியத்தை மறுபடி சொல்லட்டும். பிறகு பதிவைக் கணினிக்கு மாற்றி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால், ஒலி அலைகளுக்கு நடுவே அந்தத் தட்டுகள் ஈட்டி போல நிமிர்ந்து தெரியும். வெட்ட வேண்டிய இடத்தைத் தேடிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் நாள் பெயர் மட்டும் சொல்லிப் பதியட்டும். கேட்டதும் "இது நான் இல்ல" என்று சிரிப்பார்கள். நாம் பேசும்போது நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது, பதிவில் காற்று வழி வருவது மட்டும் இருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். சிரிப்பு அன்றே தீர்ந்துவிடும். அடுத்த நாளிலிருந்து ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்து கேட்கட்டும். இரண்டே கேள்வி: எல்லாச் சொல்லும் காதில் விழுந்ததா? எந்த இடத்தில் இன்னும் கேட்கணும்போல இருந்தது? பிறகு அதே பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு. நேரம் போதாவிட்டால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், இந்த இரண்டாவது பதிவை விட்டுவிடாதீர்கள்.

வெளியே அனுப்பும் நாள் வரும்போது தலைமையாசிரியரின் அனுமதியும், ஒவ்வொரு பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் கையில் இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. குழுவில் போட்டது எங்கெல்லாம் போகும் என்று யாராலும் கட்டுப்படுத்த முடியாது. எனவே பதிவில் முழுப்பெயர், தெரு, பள்ளிப் பெயர் வேண்டாம். சம்மதிக்காத வீட்டுப் பிள்ளையும் பேசட்டும், பதிவு வகுப்புக்குள் இருக்கட்டும். பதிவை 64 கேபிபிஎஸ் தர அளவில் எம்பி3 ஆக, மோனோவில் (ஒற்றை ஒலித்தடமாக) சேமித்தால் நிமிடத்துக்கு அரை எம்பிதான் வரும்.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்காகப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஸ்பீக்கரில் போடுங்கள். கூலி வேலையால் அன்று வர முடியாதவர்கள் மாலையில் பிள்ளையைக் கூப்பிட வரும்போது, வாசலிலேயே அந்தப் பிள்ளையின் 30 விநாடியை மட்டும் கேட்கவைத்து அனுப்புங்கள்.