64-க்கு அடுக்கு 2-ஆ, 6-ஆ?

தம்பி, 4, 8, 9, 16 என்று போகும் முழு அடுக்கு எண்களின் (ஒரு முழு எண்ணின் வர்க்கம், கனம் போன்ற அடுக்காக வருபவை) அடுக்குகளை எடுக்கும்போது உங்கள் பைத்தான் நிரல் 64-க்கு 2 காட்டுகிறது, விடையில் 6 இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். 8-இன் வர்க்கம், 4-இன் கனம், 2-இன் ஆறாம் அடுக்கு, மூன்றுமே 64தான். வரிசைக்கு வேண்டியது மிகப் பெரிய அடுக்கு. நிரல் முதலில் கிடைத்ததோடு நின்றுவிடுகிறது.

வர்க்கமூலம், கனமூலம் என்று எடுத்துத் தேடாதீர்கள். 64-க்கு 1/3 அடுக்கு போட்டால் பைத்தான் 3.9999999999999996 என்று தரும். தசமத்தை வெட்டினால் 3, கனமே தவறிப்போகும். பகாக் காரணிப்படுத்தி, அடுக்குகளின் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) எடுங்கள், பள்ளியில் போட்ட அதே கணக்குதான். 144 = 2⁴ × 3², மீ.பொ.வ. 2. 72 = 2³ × 3², வருவது 1, அதனால் பட்டியலிலேயே சேராது. 81 வரை 2, 3, 2, 4, 2, 3, 5, 2, 2, 6, 4 வர வேண்டும். 1-ஐ மட்டும் தனியாக வையுங்கள், அதற்கு எந்த அடுக்கும் பொருந்தும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 4096. அடுக்கு 12, அதன் வகுத்திகளில் 1 போக மீதி ஐந்து. அதை எழுதும் வழிகளும் சரியாக ஐந்து: 64², 16³, 8⁴, 4⁶, 2¹².

கொருக்குப்பேட்டை என்று போட்டிருக்கிறீர்கள். நான் பக்கத்திலேயே, தண்டையார்பேட்டையில்தான் டியூஷன் எடுக்கிறேன். அப்புறமும் சரியாக வராவிட்டால் நிரலை முழுசாக இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.