கீமோ போட்ட ரெண்டு நாள் எரிஞ்சு விழறார், அப்புறம் படுத்தே கெடக்கறார்... நான் எப்படித்தான் இருக்கணும் டாக்டர்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயசு 52. பெருங்குடல் கேன்சர், ஆபரேஷன் முடிஞ்சு இப்ப கல்லீரல்லயும் இருக்குன்னு 14 நாளைக்கு ஒரு தடவ கீமோ போகுது, 9 முடிஞ்சிருச்சு. ஃபைல்ல ஆக்சாலிபிளாட்டின்னு எழுதியிருக்கு. கீமோ போட்ட ரெண்டு நாள் தூங்காம எல்லார்மேலயும் எரிஞ்சு விழறார், அப்புறம் மூணு நாள் பேச்சே இல்லாம படுத்துக்கறார். சாப்பிடுங்கன்னு கெஞ்சினா முகத்த திருப்பிக்கறார். போன தடவ கீமோ முடிஞ்ச மறுநாள் ஃப்ரிட்ஜ்ல இருந்து தண்ணி பாட்டில எடுத்து கீழ போட்டுட்டார், கவனமா இருக்கக் கூடாதான்னு திட்டிட்டேன். நான் அவருக்கு பொண்டாட்டியா நர்ஸான்னே தெரியல. என் பிரஷர் மாத்திர போட்டே நாலு மாசம் ஆச்சு.

டாக்டர் பதில்: அந்த பாட்டில்ல இருந்தே ஆரம்பிக்கறேன் அம்மா. அது கவனக்குறைவு இல்ல. ஆக்சாலிபிளாட்டின் நரம்ப தாக்கற மருந்து, போட்டு சில நாளைக்கு ஜில்லுனு எதத் தொட்டாலும் விரல் நுனி கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்னு இழுக்கும், ஜில்லுனு குடிச்சா தொண்டைய இறுக்கிப் புடிச்ச மாதிரி இருக்கும். அந்த நாள்ல ஃப்ரிட்ஜ நீங்க தொறந்து குடுங்க, இல்ல அவர் க்ளவுஸ் போட்டுக்கட்டும், தண்ணி வெதுவெதுன்னு இருக்கட்டும். 9 தடவ ஆயிட்டதால இன்னொண்ணும் பாருங்க: அடுத்த கீமோ வர்ற வரைக்கும் மரத்துப்போனது போகாம அப்படியே இருக்கா, சட்ட பட்டன் போட தடுமாறறாரா? அப்படின்னா அடுத்த டோஸ் ஏத்தறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும், டோஸ குறைக்கவோ அந்த ஒரு மருந்த மட்டும் நிறுத்திட்டு மத்தத தொடரவோ வழி இருக்கு. சொன்னா கீமோவயே நிறுத்திடுவாங்கன்னு பயந்து மறைக்கறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், அப்புறம் அந்த மரப்பு மாசக்கணக்குல போகாம நின்னுடுது.

இப்ப கோபத்துக்கு வரேன். இந்த கீமோவோட வாந்தி வராம இருக்க பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு குடுப்பாங்க, ஃபைல்ல இருக்கான்னு பாருங்க. அது உள்ள இருக்கற வரைக்கும் தூக்கம் வராது, மனசு பரபரன்னு இருக்கும், சின்ன சத்தம் கூட எரிச்சலா இருக்கும். இறங்கினதும் காத்து போன பலூன் மாதிரி ஆளே சுருண்டுடுவார். நீங்க சொல்ற ரெண்டு நாள், மூணு நாள் கணக்கு அதோட அப்படியே பொருந்துது. எல்லா கோபமும் மருந்துதான்னு நான் சொல்லல, பயமும் இருக்கும், ஆனா உங்க மேல இருக்கற வெறுப்புன்னு மட்டும் நெனச்சுடாதீங்க. அந்த ஸ்டீராய்டு மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, காலையில போட்டுக்கலாமா, அளவ குறைக்கலாமான்னு கேளுங்க.

ஒரு நோட்டு வாங்கி கீமோ போட்ட நாள 1ன்னு வெச்சு தினமும் ரெண்டே வரி எழுதுங்க, தூக்கம், சாப்பாடு, மூட், எத்தன தடவ வெளிக்குப் போனார். மூணு சைக்கிள், அதாவது மூணு கீமோ சுத்து எழுதினா எந்த நாள் மோசம், எந்த நாள் ஆள் நல்லா இருப்பார்னு உங்களுக்கே புரிஞ்சிடும், அப்புறம் வேலைய, விருந்தாளிய, வெளிய போறத எல்லாம் அந்த நல்ல நாளுக்கு தள்ளிடலாம். வருஷக்கணக்குல போற சிகிச்சைய தினமும் முதல் நாள் பதட்டத்தோட தாங்க முடியாதும்மா.

ஒரு விஷயத்துல மட்டும் பதட்டம் வேணும், காய்ச்சல். தோராயமா 7ல இருந்து 14ம் நாளுக்குள்ள வெள்ளையணு குறைஞ்சு கெடக்கும், ஆனா எந்த நாள்னாலும் தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் காட்டினா ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு கெளம்பிடுங்க. பாராசிட்டமால் குடுத்து விடியட்டும்னு காத்திருக்கவே கூடாது, அது காய்ச்சல மறைச்சிடும், உள்ள இன்ஃபெக்‌ஷன் வேகமா பரவிட்டு இருக்கும்.

சாப்பாட்ட பத்தி, பக்கத்துல நின்னு கெஞ்சாதீங்க. வாய்ல எல்லாம் இரும்பு மாதிரி ருசிக்கும், வாசனையே குமட்டும். கொஞ்சமா கைக்கெட்டற இடத்துல வெச்சிட்டு நகந்துடுங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி. வாரம் ஒரு தடவ எடை பாருங்க, எறங்கிட்டே போனா கட்டாயம் சொல்லுங்க. படுத்தே கெடக்கறதுக்கும் ஒண்ணு சொல்றேன், இந்த அசதி படுத்தா போற அசதி இல்ல, டாக்டர் வேண்டாம்னு சொல்லாத வரைக்கும் பத்து நிமிஷம் மெதுவா நடந்தா நெஜமாவே குறையும். "நடங்க"ன்னு சொல்லாதீங்க, "என்கூட வாங்க"ன்னு கூப்பிடுங்க.

பொண்டாட்டியா நர்ஸான்னு கேட்டீங்களே, அந்த வரிய திரும்பத் திரும்ப படிச்சேன். தினமும் அரை மணி நேரம் மாத்திர, ரிப்போர்ட்டு, சாப்பாடுன்னு எதுவும் பேசாம சும்மா கூட உக்காருங்க. அவர் பயத்த சொல்ல வாய் தொறந்தா "தைரியமா இருங்க"ன்னு அடைச்சிடாதீங்க, அதுக்கு மேல அவரால பேச முடியாது. உங்களுக்கும் பயமா இருக்குன்னு சொல்லலாம், அழலாம், தப்பே இல்ல. அவரோட இருட்டு அஞ்சாறு நாள தாண்டியும் நீண்டாலோ, இருந்து என்ன பிரயோஜனம்னு பேச ஆரம்பிச்சாலோ மனநல டாக்டர் கிட்ட அழைச்சிட்டு போங்க, உங்களுக்கு அப்படி இருந்தாலும் அதேதான். அப்புறம் வாரத்துல ஒரு அரை நாள் அவரோட தம்பியோ உங்க அக்காவோ யாராச்சும் வந்து உக்காரட்டும், "ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க"ன்னு கேக்கறவங்ககிட்ட கிழமையும் நேரமும் சொல்லி கேளுங்க.

உங்க பிரஷர் மாத்திரய இனிமேலும் தள்ளிப் போடாதீங்க. நாலு மாசம் விட்டிருக்கீங்க, பழைய சீட்ட வெச்சு நீங்களே ஆரம்பிக்காம இந்த வாரமே போய் பிரஷர் பாத்து டாக்டர் சொல்ற மாத்திரய வாங்குங்க, அவரோட மாத்திர டப்பாலயே உங்களுதும் வைங்க. ராத்திரி அவர் முழிச்சிருப்பார்ல, அப்ப அந்த பாட்டில் விஷயத்த சொல்லிடுங்க, மருந்தாலதான்னு தெரியாம திட்டிட்டேன்னு.