கல்லுக்கு அடியில் என்ன போட்டார்கள்? வாங்குவோர் கேள்வி-பதில்

மன்னார்குடி வாசகி: ஆடி மாதம் வாசலில் 450 சதுர அடிக்கு பேவர் கல் போட்டோம். ஐப்பசி மழையில் கார் சக்கரம் நிற்கும் இரண்டு இடமும் பள்ளமாகிவிட்டது. காண்டிராக்டரைக் கேட்டால், "ஒரு கல்லாவது உடைந்திருக்கிறதா? அப்புறம் என் மேல் என்ன தப்பு?" என்கிறார்.

கல் உடையாததுதான் உங்கள் கட்சிக்குச் சாட்சி. கல் நன்றாக இருந்தும் தரை இறங்கியிருக்கிறது என்றால் கோளாறு அடியில் இருக்கிறது. அந்த அடியைப் போட்டவர் அவர்தான்.

இதைப் பற்றிப் பேச எனக்கு வெகுநாளாக ஆசை. நம் பக்கத்து கொட்டேஷன் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். "பேவர் பிளாக் போட்டுத் தருவது, மெட்டீரியல் லேபர் உட்பட, சதுர அடி இவ்வளவு." ஒரே வரி. கல்லுக்கு நிறம் உண்டு, டிசைன் உண்டு, மாதிரி பார்க்க பத்துக் கல்லை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தும் காட்டுவார்கள். கீழே என்ன போடுவார் என்று அவரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். காசு மிச்சம் பிடிப்பதெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

டெல்டா மண் களிமண். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், அடைமழையில் ஊறி உப்பும். அதன் மேல் நாலு அங்குலம் மணலைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டு, கல்லை அடுக்கினால் ஆடி மாதம் அழகாகத்தான் இருக்கும். முறையாகச் செய்கிறவர் முதலில் மேல்மண்ணை வெட்டி எடுப்பார். தரையைத் திமிசு போட்டு இறுக்குவார். அதன் மேல் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து ஆறிலிருந்து எட்டு அங்குலம் போடுவார். அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல், நாலு அங்குலத்துக்கு ஒரு தரம் தண்ணீர் தெளித்து, வைப்ரேட்டர் ஓட்டி இறுக்கிவிட்டு அடுத்ததைப் போடுவார். மேலே மணல் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை அங்குலம். கல் அடுக்கிய பிறகு மறுபடி வைப்ரேட்டர், இடுக்கில் பொடி மணல், மறுபடி ஒரு ஓட்டு. நாலு ஓரமும் கெர்ப் கல்லோ கான்கிரீட்டோ வைத்துக் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஏறி இறங்க இறங்க கல் வெளியே நகரும். தண்ணீர் வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம், அதுவும் தெருப்பக்கம் பார்த்து.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: பள்ளமான இடத்தில் நாலு கல்லைப் பெயர்த்து எடுங்கள். கடப்பாறையால் ஒரு அடி தோண்டி, குழிக்குள் ஸ்கேலை நிறுத்திப் படம் எடுங்கள். மணலுக்குக் கீழே நேராகக் களிமண் தெரிந்தால் வேறு விளக்கம் தேவையில்லை. பணம் செல்போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய ரேட்டும் பத்திரம். பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இது சேவைக் குறைபாடு, தயங்காமல் போடுங்கள்.

கும்பகோணம் வாசகர்: 60 மி.மீ. தடிமன் கல் போதுமா, 80 வேண்டுமா?

கார், பைக் மட்டும் என்றால் 60. டிராக்டரோ செங்கல் லாரியோ உள்ளே வரும் என்றால் 80. ஐ.எஸ். 15658 என்ற தரக்குறியீட்டில் கல்லின் வலிமை 60-க்கு எம்-35, 80-க்கு எம்-40. பில்லில் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: பில் வேண்டாம் என்றால் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். ரொக்கமாகக் கொடுத்தேன். ஆறே மாதத்தில் சிவப்பு நிறம் போய்விட்டது. அந்தப் பட்டறையின் பெயர் ஞாபகம் இல்லை. என்ன செய்யலாம்?

சாம்பல் நிறமும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

பாபநாசம் வாசகி: என் மகன் கனடாவில், டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் வீடு வாங்கியிருக்கிறான். கார் நிறுத்தும் பாதைக்குப் பேவர் கல் போட இரண்டு பேர் ரேட் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் கல்லுக்கு அடியில் ஒரு அடி ஜல்லி என்கிறார். இன்னொருவர் நாலு அங்குலம் போதும், பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். ஒரு காரை நிறுத்த எதற்கு ஒரு அடி? பிள்ளையை ஏமாற்றப் பார்க்கிறார்களா?

ஏமாற்றப் பார்க்கிறவர் இருக்கிறார் அம்மா, ஆனால் அவர் அந்த நாலு அங்குலக்காரர்.

நமக்கு எதிரி மழை. அங்கே மழையோடு பனியும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் உறைந்தால் கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருக்கும். அது மட்டுமில்லை, மண் உறைய ஆரம்பித்தால் கீழே இருக்கிற ஈரத்தையும் மேலே இழுத்து, தகடு தகடாக ஐஸ் சேரும். அது கல்லைத் தூக்கிவிடும். வசந்தம் வந்து உருகும்போது அடியில் சேறு, மேலே பள்ளம். டொரண்டோவில் இந்த உறைதல் நாலடி ஆழம் வரை இறங்கும் என்று கணக்கு வைத்துத்தான் வீட்டு அஸ்திவாரத்தை அதற்கும் கீழே கொண்டுபோகிறார்கள். பேவர் கல்லுக்கு நாலடி தோண்ட வேண்டாம், கல் தனித்தனியாக இருப்பதால் கொஞ்சம் அசைவைத் தாங்கும். ஆனால் அடியில் தண்ணீர் தங்கக் கூடாது. அதற்குத்தான் அந்த ஒரு அடி ஜல்லி. களிமண் தரையில் அதன் கீழே துணி மாதிரி ஒரு ஜியோ டெக்ஸ்டைல் விரிப்பார்கள், ஜல்லி மண்ணுக்குள் அமிழாமல் இருக்க.

மகனிடம் இன்னும் சிலது கேட்கச் சொல்லுங்கள். கல்லுக்கு நேர் கீழே ஒரு அங்குலம் போடுவது கரடான கான்கிரீட் மணலா, கல் தூளா? தூள் என்றால் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல் எந்தத் தரம்? கனடாவில் அதற்கு சி.எஸ்.ஏ. ஏ231.2 என்று ஒன்று இருக்கிறது, உறைந்து உருகுவதையும் பனிக்கால உப்பையும் தாங்குமா என்று அதில் சோதிக்கிறார்கள். இடுக்கில் பாலிமர் மணல் போட்டால் அது இறுகும் வரை மழை படாத நாளாகப் பார்த்துப் போட வேண்டும். அப்புறம் பனி பெய்தால் பாதையில் உப்பைக் கொட்டுகிற பழக்கம். நல்ல கல் தாங்கும்தான், ஆனாலும் அள்ளிக் கொட்டினால் மேல்தோல் செதில் செதிலாக உரியும். வழுக்காமல் இருக்க மணல் தூவினாலே போதும்.

விலை அதிகம் சொன்னவருக்கே கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு அடி கொட்டேஷனில் எழுத்தில் இருக்கட்டும். தோண்டிய அன்று மகன் ஒரு டேப்பைப் பிடித்து அளந்து பார்க்கட்டும்.

திருவையாறு வாசகர்: பளபளவென்று கண்ணாடி மாதிரி ஒரு கல் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

ரப்பர் மோல்டில் வார்த்த கல். என் வீட்டு வாசலில் அதுதான் கிடக்கிறது. மார்கழிக் காலையில் பால்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். சுவருக்கு வேண்டுமானால் ஒட்டுங்கள்.

வலங்கைமான் வாசகர்: எட்டுக்கு நாலு அங்குலக் கல், 600 சதுர அடிக்கு 3,400 கல் இறக்கினார்கள். வேலை முடிந்து நிறைய மிச்சம். திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

அந்தக் கல் 200-க்கு 100 மி.மீ., ஒரு சதுர மீட்டருக்கு 50. உங்கள் வாசல் சுமார் 56 சதுர மீட்டர். 2,800 கல் போதும், வெட்டு சேதாரத்துக்கு நூற்றைம்பது சேர்த்தாலும் 2,950. லோடு நிரப்ப மீதியை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். பில்லையும் அளவையும் காட்டி, பேசியது சதுர அடிக் கணக்குதானே என்று கேளுங்கள். ஐம்பது கல்லை மட்டும் கொல்லையில் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அதே நிறத்தில் கிடைக்காது.

வேதாரண்யம் வாசகி: புதுக் கல்லில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. விற்றவரே ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்கிறார்.

ஊற்றாதீர்கள், நிறம் போகும், கல்லின் மேல்பக்கம் அரிக்கும். சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பு மேலே வருகிறது, தேய்த்துக் கழுவக் கழுவ நாளடைவில் குறையும். ஒரு சந்தேகம்: கழுவுவது உங்கள் ஊர் போர்வெல் உப்புத் தண்ணீரிலா? அப்படியானால் தண்ணீர் காயும்போதெல்லாம் புதிது புதிதாகப் பூக்கும். இரண்டு மாதம் நல்ல தண்ணீரில் கழுவிப் பாருங்கள்.

நீடாமங்கலம் வாசகர்: வாசலில் கல் போட்டால் நெல் காயவைக்க வசதியாக இருக்குமா? ஐப்பசியிலேயே போட்டுவிடலாம் என்று மேஸ்திரி அவசரப்படுத்துகிறார்.

தார்ப்பாய் விரித்தால் காயவைக்கலாம். வெறும் கல்லில் கொட்டினால் இடுக்குக்குப் பாதி போகும். நெல் ஏற்ற டிராக்டர் உள்ளே வரும் அல்லவா, 80 மி.மீ. கல்லாக வாங்குங்கள்.

ஐப்பசியில் வேண்டாம். ஊறின களிமண்ணில் திமிசு போட்டால் இறுகாது, பக்கவாட்டில் பிதுங்கும். மேஸ்திரிக்கு அட்வான்ஸ் வாங்கும் அவசரம். தை அறுப்பு முடிந்து தரை காயட்டும், மாசியில் வரச் சொல்லுங்கள்.