அப்பாவுக்கு வந்தது சித்தப்பாவுக்கு ஏன் வரேல்ல?

அண்ணா, அப்பாக்கு கன்னத்துக்குள்ள கேன்சர், மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரியில காட்டிக்கொண்டு இருக்கிறம். புறக்கோட்டைக் கடையில முப்பது வருசமா வெத்திலை, இரவு படுக்கேக்கயும் கொடுப்புக்குள்ள ஒதுக்கி வைச்சுக்கொண்டுதான் படுப்பார். அதே கடையில சித்தப்பாவும் சப்பினவர், 74 வயசு, ஒரு குறையும் இல்ல. டி.என்.ஏ.யை ரிப்பேர் பண்ற ஜீன் குறைவா வேலை செய்யிற ஆக்களுக்குத்தான் இது வருமெண்டு வாசிச்சன். எனக்கும் தம்பிக்கும் அந்த டெஸ்ட் செய்யலாமா? தம்பியும் சப்புறவன், ஆனா பொயிலை போடுறேல்ல.
— கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு தங்கச்சி

தங்கச்சி,

நீங்க வாசிச்சதில பாதி உண்மை. பொயிலையில இருக்கிற நஞ்சு டி.என்.ஏ.யில ஒட்டி ஒரு இடம் புடைச்சா, சில புரதங்கள் வந்து அந்த இடத்தில முப்பது டி.என்.ஏ. எழுத்தளவு வெட்டி எறிஞ்சுபோட்டு, எதிர்ப்பக்க இழையைப் பாத்துப் பாத்து திரும்ப நிரப்பும், எங்கட காலி வீதியில கிண்டிப்போட்டு பட்ச் போடுற மாதிரித்தான், என்ன இவங்கள் ஒழுங்கா மூடுவாங்கள். இந்த வேலை எப்பிடி நடக்குதெண்டு காட்டினதுக்குத்தான் அசிஸ் சன்ஜார் எண்ட விஞ்ஞானிக்கு 2015 கெமிஸ்ட்ரி நோபல்ல ஒரு பங்கு. 2002ல அமெரிக்காவில ஹூஸ்டன் எம்.டி. அண்டர்சன் கேன்சர் ஆஸ்பத்திரி ஆக்கள், தலை, கழுத்துப் பக்கம் புற்றுநோய் வந்த ஆக்களின்ட ரத்தத்தை எடுத்துப் பாத்தவை, ஈ.ஆர்.சி.சி.1 மாதிரி சில ரிப்பேர் ஜீன்கள் அவைக்கு மற்ற ஆக்களை விடக் குறைவாத்தான் வேலை செய்திருக்கு.

ஆனா பாருங்க, அது வாயில எடுத்த அளவில்ல, ரத்தத்தில எடுத்தது, அதுவும் வருத்தம் வந்த பிறகு. ரெண்டு கூட்டத்தின்ட சராசரி வேறயெண்டதை வைச்சு உங்கட தம்பிக்கு வருமா வராதா எண்டு சொல்லேலாது. ஃபன்கோனி அனீமியா மாதிரி அபூர்வமான பரம்பரை வருத்தம் இருந்தா அது வேற கதை, அங்க ரிப்பேரே உடைஞ்சு கிடக்கு, இளவயசிலயே வாயில புற்று வரலாம். உங்கட வீட்டுக் கதை அதில்ல. அதால டெஸ்டுக்கு காசைக் கொட்டாதீங்க.

உண்மையா எனக்கு ஜீனை விட உங்கட கடிதத்தில நீங்க போறபோக்கில எழுதின ஒரு வரிதான் கண்ணில குத்தினது. இரவு முழுக்க ஒரே கன்னத்தில ஒதுக்கி வைச்சிருந்தவர் அப்பா. சித்தப்பாவும் அப்பிடியோ, சப்பித் துப்பிப்போட்டுப் படுக்கிறவரோ? கேட்டுப் பாருங்க. எவ்வளவு நல்ல ரிப்பேர்காரன் எண்டாலும் ஒரே இடத்தை இரவிரவா கிண்டினா என்ன செய்வான். (சித்தப்பாவையும் ஒருக்கா பல் டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போங்க, 74 எண்டது தப்பினதுக்கு சேர்டிபிகேட் இல்ல.)

தம்பிட விசயம்தான் அவசரம். பொயிலை போடாட்டி பயமில்ல எண்டு கொழும்பில பாதிப்பேர் நினைச்சுக்கொண்டு இருக்கினம். உலக சுகாதார நிறுவனத்தின்ட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004 அறிக்கையில வெறும் பாக்கையே மனுசருக்கு புற்று வரவைக்கிற சாமானெண்டு போட்டிட்டுது. பாக்கு கன்னத்தின்ட உள்தோலை நாராக்கி இறுக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு த்ரீவீல்காரத் தம்பி, முப்பது வயசும் இல்ல, கட்லட்டை நாலாப் பிச்சு உள்ள தள்ளுறான், வாய் ரெண்டு விரலுக்கு மேல திறக்காது. ஏனெண்டு கேட்டா பல்லுக்கூச்சமாம்.

இண்டைக்கு இரவு சாப்பிட முதல் தம்பியை வாயைத் திறந்து தன்ர மூண்டு விரலை ஒண்டுக்கு மேல ஒண்டா முன்பல்லுக்கு நடுவில வைக்கச் சொல்லுங்க. போகாட்டி, இல்லாட்டி உள்ள வெள்ளையா, சிவப்பா ஒரு படை, ரெண்டு கிழமையா ஆறாத புண் எண்டு ஏதும் இருந்தா, அடுத்த நாளே வோர்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரிக்கு. காசு இல்ல, வரிசைதான் நீளம், விடியக் காலமை போங்க. எத்தினை விரல் போச்சுதெண்டு எனக்கு எழுதுங்க.