பெயர் தேட 15 விநாடியா? புது சேர்வர் வாங்க முன் இதைப் பாருங்கள்

கேள்வி: கல்முனையில் மருத்துவ ஆய்வுகூடம் ஒன்று நடத்துகிறோம். எங்கள் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓடுகிறது. பரிசோதனைப் பதிவுகள் 30 இலட்சத்துக்கு மேல். நோயாளியின் பெயரில் ஒரு பகுதியைத் தட்டித் தேடினால் 15 விநாடி ஆகிறது. மென்பொருள் செய்து தந்தவர், "தேடல் மொடியூல்" ஒன்றை வருடக் கட்டணத்துக்கு வாங்க வேண்டும், சேர்வரையும் மாற்ற வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. அவர் விற்கப் பார்ப்பது பெரும்பாலும் பி.ஜி. டி.ஆர்.ஜி.எம். (pg_trgm) என்ற நீட்சியாகத்தான், அதாவது தரவுத்தளத்தோடு சேர்க்கும் கூடுதல் வசதியாகத்தான், இருக்கும். அது போஸ்ட்கிரெஸோடு இலவசமாக வருவது. விண்டோஸ் நிறுவல் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் தரவுத்தளத்துக்குள் போய் "கிரியேட் எக்ஸ்டென்ஷன்" என்று ஒரு வரி கொடுத்தால் பயன்படுத்தத் தயாராகிவிடும். 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு சூப்பர்யூசர், அதாவது முழு அதிகாரமுள்ள கணக்கின், கடவுச்சொல்கூடத் தேவையில்லை. அந்தத் தரவுத்தளத்தில் கிரியேட் உரிமை இருந்தால் போதும்.

தேடல் ஏன் இழுபடுகிறது? சாதாரண இன்டெக்ஸ், அதாவது தேடலுக்கான அட்டவணை, அகராதியைப் போல முதல் எழுத்திலிருந்து அடுக்கப்பட்டது. பெயரின் நடுப்பகுதியைக் கொடுத்துக் கேட்டால் அதற்கு வழி தெரியாது. 30 இலட்சம் வரியையும் ஒவ்வொன்றாகப் படிக்கும். இந்த நீட்சி ஒவ்வொரு பெயரையும் மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எந்த வரியில் இருக்கிறது என்று ஜின் (GIN) வகை இன்டெக்ஸில் குறித்து வைக்கும். அதனால் நடுவிலிருந்தும் தேடலாம். மூன்று எழுத்துக்குக் குறைவாகத் தட்டினால் பலன் இல்லை. ஏ.எல்., எம்.ஐ. என்று இனிஷியலை மட்டும் தட்டித் தேட வேண்டாமென்று கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

அந்த ஜின் இன்டெக்ஸைப் போடும்போது "கன்கரன்ட்லி" என்ற சொல்லையும் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது முடியும்வரை புதுப் பதிவு எதுவும் ஏறாது. வரிசையில் நிற்கும் நோயாளிகள் உங்களைத்தான் ஏசுவார்கள்.

இதே நீட்சி எழுத்துக்கூட்டல் மாறிய பெயர்களையும் பிடிக்கும். ஆங்கிலத்தில் மொஹமட் என்பதை நடுவில் ஒரு எம் போட்டு எழுதினாலும் இரண்டு எம் போட்டு எழுதினாலும் ஒற்றுமை (முழுதாகப் பொருந்தினால் 1) 0.7 வரும். 0.3 தாண்டினால் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்ளும், ஆகவே பிரச்சினை இல்லை. ஆனால் ஓவுக்குப் பதில் யூ, ஈக்குப் பதில் ஏ, இரட்டை எம் என்று முஹம்மட் ஆக்கினால் ஒற்றுமை 0.13தான், ஆள் தப்பிவிடுவார். அதற்காக எல்லையை 0.1க்கு இறக்கச் சொல்வார்கள். இறக்கினால் ஊரில் பாதிப் பேர் திரையில் வந்து நிற்பார்கள். பெயரோடு அடையாள அட்டை இலக்கத்தையும் பதிந்து தேடுவதுதான் வழி. அதிலும் ஒரே ஆளுக்கு 2016க்கு முந்திய பழைய 9 இலக்க அட்டை, பிறகு வந்த 12 இலக்க அட்டை என்று இரண்டு எண்கள். ஆளுக்கு ஒரு எண்ணை ஒழுங்காகத் தந்திருந்தால் பெயரைத் தேடி இவ்வளவு பாடுபடத் தேவையே இல்லை!

இனி நிறையப் பேர் விழும் குழிக்கு வருவோம். நோயாளியின் பெயரைத் தமிழிலும் பதிகிறீர்களா? அப்படியானால் தரவுத்தளம் "சி" (C) என்ற லொகேலில், அதாவது மொழி அமைப்பில், உருவாக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் இந்த நீட்சிக்குத் தமிழ் எழுத்து எழுத்தாகவே தெரியாது. துண்டு வெட்டாமல் எறிந்துவிடும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. இன்டெக்ஸ் இருக்கும், தேடல் பழையபடி இழுக்கும், "மொடியூல் போட்டும் சரிவரவில்லை, சேர்வரை மாற்றுங்கள்" என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். சோதிப்பது சுலபம்: "ஷோ டி.ஆர்.ஜி.எம்." (show_trgm) என்ற பங்ஷனிடம் பாத்திமா என்று தமிழில் கொடுத்துப் பாருங்கள். பூச்சியத்தில் தொடங்கும் குறியீடுகள் சில வந்தால் நல்லது. அடைப்புக்குறிக்குள் ஒன்றுமே இல்லாவிட்டால் கோளாறு லொகேலில்தான். இருக்கிற தரவுத்தளத்தில் அதை மாற்ற முடியாது. முழுவதையும் பேக்கப் எடுத்து, சரியான லொகேலில் புதுத் தரவுத்தளம் உருவாக்கி, திரும்ப ஏற்ற வேண்டும். ஓர் இரவு வேலை, அவ்வளவுதான். இதற்கு சேர்வர் மாற்றத் தேவையில்லை. பெயரெல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

கடைசியாக, தரவுத்தளக் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கிறதா? "அது எங்களிடம் இருக்கட்டும் மெடம்" என்று சொல்லி வைத்துக்கொள்பவர்கள்தான் இலவசமாக வருவதை வருடா வருடம் விற்கிறார்கள். பதிவுகள் உங்கள் நோயாளிகளுடையவை, பொறுப்பும் உங்களுடையது. அடுத்த பில்லைக் கட்டுமுன் கடவுச்சொல்லையும் முழு பேக்கப் ஒன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.