ஹாம் உரிமத்துக்கு இன்னும் ‘எட்டு’ போட்டுக் காட்ட வேண்டுமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். வயது 47. இரண்டு வருடமாக ரெஸ்ட்ரிக்டட் கிரேடு ஹாம் (பொழுதுபோக்கு அமெச்சூர் ரேடியோ) உரிமம் வைத்திருக்கிறேன். அதற்கு மேலே உள்ள ஜெனரல் கிரேடு தேர்வு எழுத ஆசை. தியரி எனக்குப் பெரிய விஷயமில்லை. நிமிடத்துக்கு 8 வார்த்தை மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் ஆன தந்திக் குறியீடு) என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மூன்று மாதம் புள்ளி கோடு சார்ட்டை மனப்பாடம் செய்தாயிற்று. காதில் கேட்டால் ஒன்றும் பிடிபடவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் மகன் மோர்ஸே படிக்காமல் அங்கே மேல்மட்ட உரிமத்தை வாங்கிவிட்டான். இந்தக் காலத்தில் இது தேவையா? எடுத்துவிடுவார்கள் என்று காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள் சார். உங்களுக்குப் பிடிபடாததற்குக் காரணம் வயது இல்லை, அந்த சார்ட். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தேவையா என்ற கேள்வி, ஏனென்றால் அந்தக் கோபம் தீராமல் நீங்கள் பயிற்சிக்கு உட்காரமாட்டீர்கள்.

இந்த விதி வந்தபோது காரணத்தோடுதான் வந்தது. கப்பல்கள் மோர்ஸில் பேசிய காலம். 500 கிலோஹெர்ட்ஸில் ஏதோ ஒரு கப்பல் உயிருக்கு மன்றாடிக்கொண்டிருக்கும். வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஹாம் தெரியாமல் குறுக்கே விழுந்து அதை அமுக்கிவிடலாம். ‘நிறுத்து, விலகு’ என்று அவருக்குச் சொல்ல மோர்ஸை விட்டால் வழியில்லை. சொன்னது புரியாத ஆள் கையில் டிரான்ஸ்மிட்டரைக் கொடுக்க எந்த அரசுக்குத்தான் மனம் வரும்? அதனால் சர்வதேச ரேடியோ விதிகளிலேயே இது ஏறியது. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலிபரப்ப மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் கடைசி வடிவம்.

1999 பிப்ரவரி 1இல் கப்பல்கள் முழுமையாக ஜிஎம்டிஎஸ்எஸ் என்ற செயற்கைக்கோள், டிஜிட்டல் முறைக்கு மாறின. காரணம் அன்றே கரையேறிவிட்டது. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக ரேடியோ மாநாடு, மோர்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டது. பிரிட்டனும் ஜெர்மனியும் அதே வருடம் எடுத்துவிட்டன. ஒரு காலத்தில் எக்ஸ்ட்ரா கிளாஸ் என்ற மேல்மட்ட உரிமத்துக்கு நிமிடத்துக்கு 20 வார்த்தை கேட்ட அமெரிக்கா, 2000இல் மோர்ஸ் வேண்டிய எல்லா உரிமத்துக்கும் 5 என்று குறைத்து, 2007 பிப்ரவரி 23இல் மொத்தமாகக் கைகழுவியது. உங்கள் மைத்துனர் மகன் அந்தக் கதவு வழியாகப் போனவர்.

நாமும் அசையாமல் இல்லை. முன்பு இங்கே அட்வான்ஸ்டு கிரேடுக்கும் முதல் கிரேடுக்கும் 12 வார்த்தை, இரண்டாம் கிரேடுக்கு 5. இப்போது இரண்டே கிரேடு: மோர்ஸ் இல்லாத ரெஸ்ட்ரிக்டட், 8 வார்த்தை மோர்ஸோடு ஜெனரல். கதவை மூடவில்லை, மேல்படியில் மட்டும் ஒரு கட்டையைப் போட்டு வைத்திருக்கிறோம். மாநாடு முடிந்து 20 வருடத்துக்கு மேல் ஆகியும் கிடக்கிற கட்டை அது. நாளைக்கு எடுத்துவிடுவார்கள் என்று நம்பி உட்காருவது வீண். தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பம் போடும் அன்று பாடத்திட்டத்தை மட்டும் ஒருமுறை புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘மாட்டுவண்டி ஓட்டத் தெரிந்தால்தான் கார் லைசென்ஸா?’ என்று கேட்பார்கள். அந்த உவமை எனக்கு ஒட்டவில்லை, ஏனென்றால் இந்த வண்டி இன்றும் தினமும் ரோட்டில் ஓடுகிறது. எனக்கு ஞாபகம் வருவது ஆர்டிஓ மைதானத்தில் டூவீலருக்கு எட்டு போடச் சொல்வது. எந்த ரோட்டிலும் யாரும் எட்டு போட்டு வீட்டுக்குப் போவதில்லை. ஆனால் எட்டு போடுகிறவருக்கு வண்டி கையில் நிற்கிறது என்றாவது தெரியும். மோர்ஸ் தேர்வு அதைக்கூடக் காட்டாது. ஆண்டெனா பொருத்தம், பக்கத்து வீட்டு டிவிக்குத் தொல்லை தராமல் ஒலிபரப்புவது, பேண்டில் (ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையில்) ஒழுங்காக நடந்துகொள்வது எதற்கும் மோர்ஸ் காதுக்கும் சம்பந்தமில்லை. மோர்ஸ் தேர்வை ஊதித்தள்ளிவிட்டு பேண்டில் ரவுடித்தனம் செய்கிறவர்களையும் கேட்டிருக்கிறேன்.

பேரிடருக்கு உதவும் என்ற வாதமும் பாதிதான் நிற்கும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமின் குழுவினர் ஹாம் நிலையம் அமைக்க அந்தமானுக்குப் போயிருந்தார்கள். 26ஆம் தேதி சுனாமி வந்ததும் போர்ட் பிளேரிலிருந்த அந்த நிலையமே தீவுக்கும் நாட்டுக்கும் நடுவே செய்திப் பாலமானது. அப்படிப்பட்ட நேரத்தில் தேவைப்படுவது ‘இன்னார் உயிரோடு இருக்கிறார்’ என்ற பெயர்ப் பட்டியல். அதைக் கலெக்டர் ஆபீஸில் நிற்கும் யாரும் புரிந்துகொள்ளக் குரல்தான் முதல் வழி. மங்கலான சிக்னலைத் தோண்டி எடுப்பதில்கூட மோர்ஸுக்கு இப்போது முதலிடம் இல்லை. 2017இல் நோபல் விஞ்ஞானி ஜோ டெய்லரும் ஸ்டீவன் ஃபிராங்கும் கொண்டுவந்த எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை, காதுக்கே கேட்காத சிக்னலைக் கம்ப்யூட்டரை வைத்துப் படித்துவிடுகிறது. (ஆசைப்பட்டு உடனே அதை ஓட்டாதீர்கள். எந்தெந்த வகை ஒலிபரப்புக்கு அனுமதி என்று உங்கள் உரிமத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.)

ஆக, என் கட்சி இதுதான்: கட்டாயத்தை எடுத்துவிட வேண்டும். வேண்டுகிறவர்களுக்குத் தனிச் சான்றாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் உங்களைப் படிக்கச் சொல்கிறேன், தேர்வுக்காக மட்டுமல்ல. ஐப்பசி மழை இரவு, 40 மீட்டர் பேண்டு முழுக்க இடியின் கரகரப்பு. குரலில் பேசுகிறவர் வாய் அசைப்பது போலிருக்கும், சொல் வராது. டயலை மோர்ஸ் ஓடும் 7.0 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறக்குங்கள். அதே கரகரப்புக்குள் ஊசி போல ஒரு ஒற்றை ஸ்வரம் நிற்கும். குரலுக்கு இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும். உங்கள் பவர் முழுவதும் அந்த இடுக்கில் குவிகிறது. கேட்கிறவரும் ஃபில்டரை நெருக்கி மீதி இரைச்சலை வெளியே தள்ளிவிடலாம். எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியாருக்கு இன்னொரு லாபமும் உண்டு. குரலுக்கான ரேடியோ கட்ட பேலன்ஸ்டு மாடுலேட்டர், கிரிஸ்டல் ஃபில்டர் என்று வரிசையாக வேண்டும். மோர்ஸுக்கு ஒரு ஆஸிலேட்டர், ஒரு ஆம்ப்ளிஃபையர், தட்டி அனுப்ப ஒரு கீ. உங்கள் மாணவர்கள் ஒரு வாரத்தில் சால்டர் செய்துவிடுவார்கள்.

இனி சார்ட் விஷயம். சார்ட்டில் படித்தவர் மூளை மூன்று வேலை செய்கிறது: ஒலியை எண்ணுகிறது, புள்ளி கோடாக மாற்றுகிறது, பிறகு சார்ட்டில் தேடுகிறது. அதற்குள் அடுத்த எழுத்து போய்விடும். 8 வார்த்தை வேகத்தில் ஒரு ‘டி’ (புள்ளி) 150 மில்லிசெகண்ட், ஒரு ‘டா’ (கோடு) 450, எழுத்துக்கு எழுத்து இடைவெளி 450. அரை நொடிகூட இல்லை. 5 வார்த்தை வரை எண்ணியே ஒப்பேற்றலாம், 8இல் அது கிழிந்துவிடும். மிருதங்கம் கற்கிற பிள்ளை ‘தரிகிட’ என்பதை நாலு அடியாக எண்ணுவதில்லை, ஒரே சொல்லாகக் கேட்கிறது. ‘டா டா டி டா’வும் அப்படி ஒரே சொல்லாக, க்யூ என்ற எழுத்தாகவே, காதில் விழ வேண்டும்.

அதனால் சார்ட்டைச் சுவரிலிருந்து கிழித்துவிடுங்கள். எல்சிடபிள்யூஓ என்ற இலவசத் தளம் இருக்கிறது. அதில் எழுத்தின் வேகத்தை 18 அல்லது 20 வார்த்தையாக வையுங்கள், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை மட்டும் நீட்டிக்கொள்ளுங்கள். எழுத்து எண்ண முடியாத வேகத்தில் வரும். யோசிக்க நேரமும் இருக்கும். கே, எம் என்ற இரண்டு எழுத்தோடு ஆரம்பம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மட்டும் மூன்றாவது எழுத்து. காலையில் கால் மணி, ராத்திரி கால் மணி. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சேர்த்து உட்காருவதால் தலைவலிதான் மிச்சம். தேர்வில் எண்ணும் நிறுத்தக்குறியும் வரும், கடைசிக்குத் தள்ளிவைக்காதீர்கள். எஸ், எச், 5 மூன்றும் வெறும் டி டி டி வரிசைதான், ஒன்றில் மூன்று, ஒன்றில் நாலு, ஒன்றில் ஐந்து. பலரையும் கவிழ்ப்பது அந்த மூன்றும்தான்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. தேர்வில் எழுத்துகளே 8 வார்த்தைக்குரிய நிதானத்தில் இழுத்து வரலாம். வேகமான எழுத்துக்குப் பழகிய காதுக்கு அது வேற்று மொழி போல இருக்கும். என்னிடம் பயின்ற ஒருவர் 12 வார்த்தையைச் சாதாரணமாக எழுதுவார். தேர்வு அறையில் 8 கேட்டதும் பேனாவோடு சிலையாகிவிட்டார். ஆகவே கடைசி மூன்று வாரம் அசல் 8இல், பேப்பரில் கையால் எழுதிப் பழகுங்கள். ஐந்து நிமிடம், 200 எழுத்து (ஐந்து எழுத்து ஒரு வார்த்தை என்று கணக்கு). ஒரு எழுத்து தவறினால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓடிவிட வேண்டும். விட்டதை நினைத்து நின்றால் அடுத்த நாலு எழுத்து சேர்ந்து போகும். ஃபேன் ஓடட்டும், தெருச் சத்தம் வரட்டும், ஸ்வரத்தையும் அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புவதற்கு, எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற தந்தி ஆபீஸ்காரர். விரலால் குத்தாதே, மணிக்கட்டால் தட்டு என்று என் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார். மேலும் கீழும் தட்டும் சாதாரண ஸ்ட்ரெய்ட் கீ ஒன்று போதும், பக்கவாட்டில் அழுத்தும் பேடில் எல்லாம் பிறகு. கீயை மரப்பலகையில் திருகி வையுங்கள், மேஜையில் நழுவினால் கை கெட்டுப்போகும். அனுப்பியதைப் போனில் பதிந்து மறுநாள் கேட்டு எழுதிப் பாருங்கள். உங்களுக்கே உங்கள் கை புரியவில்லையென்றால் விண்ணப்பத்தை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.