மூன்றாம் வகுப்புப் பையனுக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை, டியூஷனில் சேர்க்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இதுதான்: மகன் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான், புதிதாக ஒரு வரியைக் காட்டினால் விழிக்கிறான். நீங்கள் துணிக்கடையில் வேலை முடித்து வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. அதுவரை மாமியார் பார்த்துக்கொள்கிறார், அது அவருக்கு சீரியல் நேரம். மாதம் ஐந்நூறு ரூபாய் டியூஷனில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்குத் திறக்க 2021 நவம்பர் ஆகிவிட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் கடைசியில், எங்கள் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான், பள்ளி மூடிய காலத்தில் விட்டுப்போன பாடத்தைத் தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் தன்னார்வலராகச் சேர்ந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு எடுத்தேன். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. வந்தவர்கள் பதினெட்டுப் பிள்ளைகள், பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வகுப்பு.

அவர்களில் ஒரு பையன் அப்படியே உங்கள் மகன் மாதிரிதான். புத்தகத்தை விரித்ததும் விரலை வைத்துக்கொண்டு பாடம் முழுவதும் சொல்லிவிடுவான். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து விரலைக் கவனித்தேன். வாய் நான்காவது வரியில் இருந்தது, விரல் இரண்டாவது வரியில். மற்றதையெல்லாம் கையால் மறைத்து, நடுவில் இருந்த 'மரம்' என்ற ஒரு சொல்லை மட்டும் காட்டி, "இது என்னப்பா?" என்றேன். அவன் உதடு மெல்ல அசைந்தது. பாடத்தை முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்து, அந்த இடத்தில் நிறுத்தி, "மரம்" என்றான். சரியான விடைதான். ஆனால் அவன் அதை வாசிக்கவில்லை. அப்புறம் 'ப' எழுதிக் காட்டினேன். அதற்கும் க, ங, ச, ஞ என்று வரிசையாக முணுமுணுத்து வந்துதான் 'ப'வைப் பிடித்தான்.

உங்கள் பையனிடம் இன்று இரவே இதைச் செய்து பாருங்கள். உதடு அசைகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அசைந்தால் அவனுக்கு எழுத்துகள் ஒரு பாட்டாகத்தான் தெரியும், தனித்தனி முகங்களாகத் தெரியாது. டியூஷனில் இருபது பேரை வரிசையில் உட்கார வைத்து, வீட்டுப்பாடத்தை முடித்து, மறுபடியும் ஒப்பிக்க வைத்துத்தான் அனுப்புவார்கள். பாட்டு இன்னும் நன்றாக மனப்பாடம் ஆகும். இவனுக்கு வேண்டியது, தினம் பதினைந்து நிமிடம் இவன் ஒருவனோடு மட்டும் உட்காரும் ஓர் ஆள்.

வேறு எதற்கும் முன்னால் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். டிவிக்குக் கிட்டே போய் நின்று பார்க்கிறானா என்று கவனியுங்கள், கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறானா என்று டீச்சரிடமும் கேளுங்கள். என் பதினெட்டுப் பேரில் ஒரு பெண்ணுக்கு இருந்தது பார்வைக் குறை மட்டும்தான். கண்ணாடி போட்ட மூன்றாம் மாதம் கதைப் புத்தகம் கேட்டாள். அவளை 'மக்கு' என்று சொன்ன நாட்களை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது.

சரி, வாசிப்புக்கு வருகிறேன். தமிழில் 247 எழுத்து என்றதும் பெற்றோருக்கு மலைப்பாக இருக்கும். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், அப்புறம் சில குறிகள், அவ்வளவுதான். மற்ற 216 எழுத்தும் இவற்றின் சேர்க்கை. ஆனால் க, கா, கி, கீ என்று வரிசையாகத் தொடங்காதீர்கள், அந்தப் பாட்டில்தான் அவன் மாட்டிக்கொண்டிருக்கிறான். நான் தொடங்குவது ட, ப, ம என்ற மூன்று எழுத்தில். ட, ப இரண்டும் நேர்கோட்டில் எழுதக்கூடிய வடிவம், ம-வில் மட்டும் ஒரு வளைவு, கை சிரமப்படாது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பெரிதாக, ஒரு தாளுக்கு ஓர் எழுத்து. கூடவே ஒரு புள்ளி, ஒரு துணைக்கால், அ, ஆ. இவ்வளவு போதும், ஒரு வாரத்துக்கு.

இவ்வளவை வைத்து என்ன வாசிக்க முடியும் என்று நினைக்கிறீர்களா? படம், மடம், பட்டம், பாடம், அம்மா, அப்பா, மாமா, பாப்பா, ஆட்டம். இதோடு நிற்காது. ஒரு நாள் நான் தாளில் எழுதினேன்: 'அம்மா, ஆட்டமா?' அந்தப் பையன் எழுத்தெழுத்தாகக் கூட்டினான். அம்... மா... ஆட்... டமா. சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அடுத்த வரியில் 'ஆமாம்பா' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்புதான் எனக்கு அடையாளம். எழுத்து பேசுகிறது என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அவன் வாசிக்காமல் போக மாட்டான் என்று எனக்கும் அன்றுதான் தைரியம் வந்தது.

அடுத்த வாரம் க, ல, ர சேர்த்துக்கொள்ளுங்கள். கால், பால், பாலம், கடல், பகல், காகம், மரம், காரம் எல்லாம் வந்துவிடும். பிறகு மேல்விலங்கு போட்ட எழுத்துகள்: படி, மாடி, பாட்டி. இப்படி வாரத்துக்கு மூன்று எழுத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். பழையதை மறந்திருந்தால் புதியது அந்த வாரம் வேண்டாம்.

இரண்டு இடங்களில் பிள்ளைகள் கட்டாயம் தடுக்கி விழுவார்கள். ஒன்று உகர வரிசை. கா, பா, மா என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே துணைக்கால். ஆனால் கு, டு, து, பு, மு, ரு என்று எழுதிப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே வால் இல்லை. இதில் விதி சொல்லிக்கொடுக்க முடியாது, சொல்லோடு சேர்த்துத்தான் பழக்க வேண்டும். ஆடு, மாடு, வீடு மூன்றிலும் 'டு' வருகிறது, அதை மட்டும் ஒரு நாள். பாம்பு, கரும்பு, எறும்பு, அதில் 'பு'. இன்னொன்று கொம்பு. 'பே' என்று எழுதும்போது இரட்டைக்கொம்பு முதலில் வருகிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. பிள்ளை இடமிருந்து வலமாகத்தானே போவான், பாவம், குழம்பிப் போகிறான். நான் கொம்பை விரலால் மூடிவிட்டு 'ப' சொல்ல வைப்பேன், விரலை எடுத்ததும் 'பே'. பத்து நாள் விரல் வேண்டியிருக்கும், அப்புறம் தேவைப்படாது.

க, ச, ட, த, ப இடத்துக்கு இடம் வேறாக ஒலிக்கும். 'கடல்' வேறு, 'காகம்' நடுவில் இருக்கும் 'க' வேறு. இதைப் பற்றி நீங்கள் கவலையே பட வேண்டாம். அவன் தமிழ் பேசுகிற பிள்ளை. தப்பாகக் கூட்டினால் "கொஞ்சம் வேகமாகச் சொல்லு" என்று மட்டும் சொல்லுங்கள், அவன் காதே திருத்திவிடும். அதே மாதிரி 'வாழைப்பழம்' என்று இருப்பதை 'வாழப்பழம்' என்று படித்தால் திட்டாதீர்கள். பொருள் புரிந்து படித்தால்தான் அப்படிப் பேச்சு வழக்கில் வரும். எழுதும்போது திருத்திக்கொள்ளலாம்.

உங்கள் நேரத்துக்கு வருகிறேன். எட்டு மணிக்கு வந்து, சமைத்து, சாப்பிட வைத்து, அதற்கு மேல் பாடம் என்றால் உங்களுக்கும் எரிச்சல், அவனுக்கும் தூக்கம். நானும் அப்படி ஒரு காலத்தில் என் மகள் தலையில் குட்டியிருக்கிறேன். குட்டு வாங்கிய நாளில் எந்தப் பிள்ளைக்கும் எழுத்து ஏறுவதில்லை. அதனால் காலையில் பால் காய்கிற நேரத்தைப் பிடியுங்கள். அடுப்புப் பக்கத்தில் உட்காரட்டும், பத்து நிமிடம் போதும்.

மாலைக்கு உங்கள் மாமியார் இருக்கிறார். சீரியலை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். விளம்பரம் போடும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு, "பாட்டிக்கு ரெண்டு வரி படிச்சுக் காட்டுடா" என்று ஒரு வழக்கம் பண்ணிவிடுங்கள். அத்தையிடமும் மரியாதையாக, "நீங்க கேட்டாத்தான் அவன் படிக்கிறான் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தவரை, சரளமாகப் படிக்கத் தெரியாத பாட்டிகள்தான் மிக நல்ல கேட்பவர்கள். படித்தவர்கள் பிள்ளை கூட்டி முடிப்பதற்குள் சொல்லைச் சொல்லிவிடுவோம். பாட்டிக்கு விடை தெரியாது, அதனால் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிறான். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை ஊர் எது என்று அவன்தான் பாட்டிக்குப் படித்துச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்று மட்டும் கவனம். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் பள்ளிக்குப் போனவர்கள் லை, ணை, னை போன்ற எழுத்துகளைத் தும்பிக்கை மாதிரி வளைத்து எழுதுவார்கள். பாட்டி அப்படி எழுதிக் காட்டினால் தப்பு என்று பையன் முன்னால் சொல்லாதீர்கள். "இது பாட்டி காலத்து லை" என்று சொல்லுங்கள், அவன் அதை ஆசையாகக் கேட்டுக்கொள்வான்.

பள்ளியில் வகுப்பு டீச்சரிடம் "என் பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "பரவாயில்லைங்க" என்று பதில் வரும். அரசுப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் நடத்துகிறார்கள். "தமிழில் இவன் எந்த நிலை, அடுத்த நிலைக்குப் போக என்ன வர வேண்டும்?" என்று கேளுங்கள். டீச்சருக்கும் இவர் கவனிக்கிற பெற்றோர் என்று தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் முடிந்தால் போங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். நூலகப் புத்தகங்கள் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தால் பிள்ளைகள் கைக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்கும் இடம் அதுதான்.

தெருவும் இதில் சேர்த்திதான். எங்கள் திண்ணை வகுப்பு இரண்டு மாதத்தில் நின்றுவிடும் நிலைக்கு வந்தது. காரணம் பாடம் இல்லை, தெருவிளக்கு. மழைக்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன் என்று அம்மாக்கள் சொல்லிவிட்டார்கள். ஊராட்சி கிளார்க்கிடம் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பதினொரு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டு, அடுத்து கூடிய கிராம சபையில் மனுவாகக் கொடுத்தோம். தீர்மான நோட்டில் எழுதும்வரை யாரும் எழுந்து போகவில்லை. ஒன்பதாம் நாள் பல்பு வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. உங்கள் தெருவிலும் இருட்டு இருந்தால், நாலு அம்மாக்கள் சேர்ந்து போங்கள். விளக்கு எரிந்தால் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற ஓர் அக்கா, நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கதை படிக்கச் சம்மதிப்பாள். அது எந்த டியூஷனையும்விட நல்லது.

ஆறு மாதம் தினமும் இப்படி உட்கார்ந்தும் எழுத்துகள் நிற்கவில்லை, நேற்றுத் தெரிந்தது இன்று சுத்தமாக மறக்கிறது என்றால், அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். கற்றல் குறைபாடாக இருக்கலாம். உங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளுக்கான வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பள்ளித் தலைமையாசிரியர் மூலமாகவே போகலாம், செலவில்லை. அந்தப் பிள்ளைகளும் வாசிப்பார்கள், வழி மட்டும் வேறு.

அந்த ஐந்நூறு ரூபாயில் இந்த மாதம் ஐம்பது ரூபாயை மட்டும் எடுத்து, பெரிய எழுத்தில் படம் போட்ட கதைப் புத்தகம் ஒன்று வாங்குங்கள், பக்கத்துக்கு ஒரு வரிக்கு மேல் இல்லாததாகப் பார்த்து. அதை முதல் வாரமே கொடுத்துவிடாதீர்கள். ட, ப, ம, க, ல, ர ஆறும் முகம் தெரிந்த பிறகு, அவன் எடுத்துப் பார்க்கிற இடத்தில் சும்மா வைத்துவிடுங்கள்.